டெலிபோன் கூண்டில் நல்லவள்

புதன், இரவு.

அமரவிளைச் சந்தியில் ஏதோ கலைக்குழு மஞ்சள் டெலிபோன் கூண்டு ஒன்று வைத்திருக்கிறது. ரிசீவரை எடுத்தால், கடற்கரை ஊரான பொழியூரில் இதே மாதிரிக் கூண்டில் நிற்கிற யாராவது பேசுவார்கள். பெயர் சொல்லக்கூடாது. இன்று எடுத்தேன். ஒரு பெண் பேசினாள்.

"வீட்டக் கடல் கொண்டு போச்சு. வாடகைக்கு ஒரு மாடி கேட்டோம். கடப்புறத்துல மீன்பிடிக்குற ஆளுன்னு அறிஞ்சதும், வேற ஆளு வந்தாச்சுன்னு சொல்லிட்டாவ."

"இப்பிடியும் ஆளுவ உண்டா மக்கா?" என்றேன். குரல்கூடத் தழுதழுத்தது.

"நீங்க நல்ல ஆளாக்கும்" என்றாள்.

சீ! போன வாரம் பொழியூரிலிருந்து வீடு கேட்டு வந்த குடும்பத்திடம் நானும் அதையேதான் சொன்னேன். 'மாடி வாடகைக்கு' என்ற பலகை இன்னும் எங்கள் கேட்டில் தொங்குகிறது.

பெயர் சொல்லக்கூடாது என்பது எனக்கு எவ்வளவு சௌகரியமாகப் போயிற்று.