மடக்குக் கத்தியும் அதோடு வைத்த அட்டையும்

நவம்பர் 9, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மூடுபனி. எதிர்வீட்டு ஓடுகூடத் தெரியவில்லை. துணி காயாது என்று சரசுவின் புலம்பல்.

மடக்குக் கத்தி முடிந்தது. எழுதி எழுதிக் கை வலிக்கும், இனிமேல் ம.க. பெண்டாட்டி சரசு வெறும் ச. ஏழு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. எஸ்டேட் பட்டறையில், காப்பிப் பழம் உரிக்கிற பல்ப்பருக்குப் பக்கத்து மேஜை. ஞாயிறு மட்டும் எனக்கு. மானேஜர் அனுமதி கொடுத்தது பெருந்தன்மையால் இல்லை. மோட்டார் நின்றால் ஆள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பானே, அதற்காக.

அலகு: தேய்ந்துபோன பழைய அரம்.
உள்ளே இருக்கும் வில்: உடைந்த ரம்பத் தகடு.
பிடி: பிடுங்கிப் போட்ட காப்பிச் செடியின் அடிக்கட்டை. வெளிறிய நிறம், நல்ல கனம்.
ஆணி: பித்தளை.
காயம்: வலது ஆள்காட்டி விரல், இரண்டு இடத்தில்.

அலகைக் கரியில் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினேன். அப்புறம் வீட்டு இரும்புச் சட்டியில் மணலைக் கொட்டி, அதற்குள் புதைத்து, வைக்கோல் நிறம் வருகிறவரை அடுப்பில். சட்டி விஷயம் ச.வுக்கு இன்னும் தெரியாது.

திறந்தால் டக். மூடினால் டக். நாற்பது தடவையாவது திறந்து மூடியிருப்பேன். நாற்பத்து நாலு வயதில் இது சிறுபிள்ளைத்தனம்தான். இருக்கட்டும்.

ச.விடம் நீட்டினேன். வாங்கவில்லை. "கீழ வைங்க, நான் எடுத்துக்கறேன். கத்தியக் கையில குடுத்தா சண்டைதான் வரும்." வைத்தேன். எடுத்தாள். திறக்க வரவில்லை. நகம் மாட்டுகிற பள்ளத்தைத் தடவித் தேடினாள். தப்பான பக்கத்தில் வெட்டியிருக்கிறேனாம்.

பார்த்தால், உண்மைதான். நான் இடதுகைக்காரன். என் விரலுக்கு எந்தப் பக்கம் வசமோ அந்தப் பக்கம் வெட்டிவிட்டேன். ஏழு ஞாயிறும் அது உறைக்கவே இல்லை. ஊர் மொத்தமும் இடது கையால் சாப்பிடுகிறது என்று நினைத்துவிட்டேன் போல.

நவம்பர் 10, திங்கள்

பனி, அப்புறம் சுள்ளென்று வெயில், மறுபடி பனி. அறுவடை ஆரம்பம். பழ மூட்டை வந்துகொண்டே இருக்கிறது.

கத்தி செய்கிறவர்களின் இணையக் குழுவில் ம.க. படம் போட்டேன். இரண்டு வருஷமாக வாயைத் திறக்காமல் வேடிக்கை மட்டும் பார்த்த குழு. நான் படித்த பள்ளிக்கூடமே அதுதான், அந்த வீடியோக்கள்தான். மத்தியானத்துக்குள் பத்தொன்பது பதில்.

வில்லுக்கும் பிடிக்கும் நடுவே இடைவெளி. அலகு மூடும்போது ஒரு பக்கம் சாய்கிறது. பள்ளம் தப்பு. பள்ளம் தப்பு. பள்ளம் தப்பு. ஒருத்தர் மட்டும்: முதல் கத்தி இது என்று நம்ப முடியவில்லை. அந்த ஒன்றை ஐந்து தடவை படித்தேன்.

எஸ்டேட் ரைட்டர் கணக்குப் புத்தகத்தோடு பட்டறைக்கு வந்தார். ம.க.வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிட்டர், இதப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு சேலம் பஸ்ஸுல ஏறிறாதீங்க. புடிச்சு உள்ள வெச்சுருவாங்க." அவருடைய விமர்சனம் அவ்வளவுதான்.

பிட்டர். மெஷின் பூட்டுகிறவன், பழுது பார்க்கிறவன். பதினோரு வருஷமாக இந்த மலையில் எனக்கு அதுதான் பெயர். சொந்தப் பெயர் சம்பளப் பதிவேட்டில் மட்டும். எனக்கு அதில் வருத்தமே கிடையாது. ஐ.டி.ஐ. காகிதத்தோடு மலை ஏறி வந்ததே, யார் மகன் என்று கேட்காத ஊர் வேண்டும் என்றுதான்.

நவம்பர் 12, புதன்

சாரல். ஒண்டிக்கடை பஜாருக்குப் போனேன். வாங்க வேண்டியது: இன்சுலேஷன் டேப், து. பருப்பு, ச.வுக்கு இருமல் மருந்து. மருந்தை மறந்துவிட்டேன்.

செல்வம் மளிகைக் கடையில் வழக்கம்போல உட்கார்ந்தேன். செல்வத்துக்கு முப்பத்தைந்து இருக்கும். "வாங்க பிட்டரண்ணா, உக்காருங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போடுவான். அவன் அப்பா, பெரியவர், பேப்பரை விரித்து எனக்குப் பாதி கொடுப்பார். வாரத்தில் மூன்று சாயங்காலம் இப்படித்தான். இந்த ஊரில் எனக்கென்று ஒரு இடம் உண்டென்றால் அந்த ஸ்டூல்.

ம.க.வை மேஜையில் வைத்தேன். செல்வம் எடுத்தான், இழுத்தான், நகம் வழுக்கியது, சிரித்தான். பெரியவர் வாங்கினார். ஒரே இழுப்பில் டக். அப்புறம்தான் கவனித்தேன், அவரும் இடதுகை. இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை. பேனா பிடிப்பதும் காசு கொடுப்பதும் வலது கையில், அடித்துப் பழக்கினார்களாம்.

கமலா ஆரஞ்சு ஒன்றை எடுத்து, தோலை அறாமல் ஒரே சுற்றாகச் சீவினார். "பிட்டரு, எனக்குன்னே அளவெடுத்துச் செஞ்சாப்புல இருக்குதுங்க. பிடிதான் கொஞ்சம் மொத்தம். அது இந்த வயசுக்கு நல்லதுதானுங்க."

பத்தொன்பது பேர் சொன்னதற்கு இது போதும். அவருக்கே கொடுத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. கொடுக்கவில்லை. முதல் கத்தி, ஆசை விடவில்லை. கொடுத்திருக்கலாமோ என்று வீட்டுக்கு வந்தபின் தோன்றுகிறது.

நவம்பர் 15, சனி

ரிசார்ட்டில் ஜெனரேட்டர் வேலை. கார்பன் அடைப்பு, ஒரு மணி நேரம். ரிசார்ட் முதலாளியின் மருமகள் வெளியூர்ப் பெண், இப்போது அவர்தான் எல்லாம் பார்க்கிறார். எல்லாரும் மேடம் என்பார்கள். வாசலிலேயே சின்னதாக ஒரு கடை போட்டிருக்கிறார். தேன், மிளகு, காப்பித்தூள்.

ம.க. சட்டைப் பையில் இருந்தது. நானாகத்தான் காட்டினேன், யாரும் கேட்கவில்லை. நகம் அவருக்கும் வழுக்கியது. ஆனால் பிடியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். காப்பிக் கட்டை என்றதும் அவர் கண் விரிந்ததைப் பார்க்க வேண்டும். கடையில் வைக்கலாமா என்று கேட்டார். உட்காரச் சொல்லிக் காப்பி வந்தது. அவருக்கு எந்தக் கோப்பையோ அதே மாதிரிக் கோப்பை எனக்கும்.

எப்படிக் கற்றுக்கொண்டீர்கள் என்றார். வீடியோ, அரம், மணல் சட்டி எல்லாம் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே இருந்தார். அப்பா என்ன செய்தார் என்றார்.

பதினோரு வருஷமாக யார் கேட்டாலும் விவசாயம் என்பேன். இன்றைக்குச் சொல்லிவிட்டேன். அப்பா முடிவெட்டுகிறவர், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனவர் என்று. அந்தக் காப்பிக் கோப்பைதான் சொல்ல வைத்தது, வேறு காரணம் தெரியவில்லை.

எங்கள் பக்கம் அந்தத் தொழில்காரரைக் குடிமகன் என்பார்கள். கேட்க மரியாதையாகத்தான் இருக்கும். பத்து வயதுப் பொடியன் என் அப்பாவை 'ஏய் குடிமகா' என்று கூப்பிட்டான், அப்பா 'சாமி' என்றார். அதைக் கேட்டவனுக்குத்தான் தெரியும் அந்த மரியாதை.

ம.க.வை அங்கேயே விட்டு வந்தேன். ச.விடம் காப்பியைப் பற்றி மட்டும் சொன்னேன்.

நவம்பர் 20, வியாழன்

மழை. பல்ப்பர் பெல்ட் அறுந்து மூன்று மணி நேரம் வீண். மானேஜர் கத்தல்.

இரண்டாவது ம.க.வுக்கு அளவுப் படம் வரைந்தேன். பள்ளம் இரு பக்கமும். பிடி ஒரு நூல் மெலிசு. பெரியவருக்கு மட்டும் பழைய அளவில் ஒன்று.

ச. மணல் சட்டியைக் கண்டுபிடித்துவிட்டாள்.

நவம்பர் 22, சனி

மழை விட்டுவிட்டது. சனியன் பிடித்த நாள்.

ரைட்டர் போனை நீட்டினார். "ஏனுங்க பிட்டர், இது நம்ம கத்திதானுங்களே?" ரிசார்ட்டின் இணையப் பக்கத்தில் படம். பட்டுத் துணிமேல் ம.க., பக்கத்தில் ஒரு அட்டை. இங்கிலீஷில். ரைட்டர் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் நானே படித்துவிட்டேன். சாரம் இதுதான்:

சேர்வராயன் மலையின் நாவிதர் குடும்பத்துக் கைவண்ணம். நான்கு தலைமுறையாகக் கத்தியோடு வாழ்ந்தவர்கள். தந்தை கையிலிருந்து மகன் கைக்கு வந்த வித்தை.

கீழே என் முழுப்பெயர். ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாத பெயர்.

அப்பா இந்த மலையை ஏறிக்கூடப் பார்த்ததில்லை. சவரக் கத்தியைச் சேலத்தில் கடையில் வாங்கினார், சாணை பிடிக்க வேறு ஆளிடம் கொடுத்தார். என்னைப் பெட்டியைத் தொடவே விட்டதில்லை, தொட்டால் அடி. தந்தை கையிலிருந்து என் கைக்கு வந்தது அந்த அடி மட்டும்தான். அரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஏழு ஞாயிற்றைப் பற்றி இல்லை. பிட்டர் என்றும் இல்லை.

ரைட்டர் போனைத் திருப்பி வாங்கிக்கொண்டார். "அதான் கைவேலை நொம்ப சுத்தமா இருக்குது. ரத்தத்துல வந்ததுங்களே" என்றார். பாராட்டுகிறாராம்.

நவம்பர் 23, ஞாயிறு

பட்டறைக்குப் போகவில்லை. ரிசார்ட்டுக்குப் போனேன்.

ம.க. விற்றுவிட்டதாம். பெங்களூர்க்காரர் ஒருவர், அட்டையைப் படித்துவிட்டுத்தான் வாங்கினாராம். அட்டையையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தாயிற்று. இன்னும் பத்து வேண்டும் என்றார் மேடம், முகமெல்லாம் சந்தோஷம்.

அட்டையில் இருப்பது பொய் என்றேன். நான் பிட்டர், படித்துக் கற்றுக்கொண்டது என்றேன். "ஆனா அப்பா அந்தத் தொழில்தானே பண்ணாங்க? அதுல என்னங்க அசிங்கம்? பெருமைப்பட வேண்டிய விஷயம்" என்றார். மனசாரத்தான் சொன்னார். அதுதான் இன்னும் கொடுமை. எடுத்துவிடுங்கள் என்றால் அப்பாவை நினைத்து நான் கூசுகிறேன் என்று ஆகும். எடுக்காதீர்கள் என்றால் பொய்க்குக் கையெழுத்து.

கூசுகிறேனா? ஆமாம், கூசுகிறேன். அப்பாவின் தொழிலை நினைத்து இல்லை. அவர் 'சாமி' என்றாரே, அதை நினைத்து. இதை அந்த அறையில் உட்கார்ந்து எந்த வாயால் சொல்வது? படத்தை எடுத்துவிடுவதாகச் சொன்னார். அதற்குள் எத்தனை போனுக்குப் போயிற்றோ. பத்துக் கத்தி செய்யமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மேடத்துக்கு உண்மையிலேயே புரியவில்லை.

எல்லாவற்றையும் ச.விடம் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால் திட்டவில்லை. "இனி எந்த ஊருக்குப் போறதுங்க?" என்று மட்டும் கேட்டாள்.

நவம்பர் 26, புதன்

குளிர். சாயங்காலம் ஒண்டிக்கடை.

ஸ்டூல் மேல் வெல்ல மூட்டை. செல்வம் நகர்த்தவில்லை. பெரியவர் இல்லை. "அப்பாவுக்கு நெஞ்சுச் சளி, ஆஸ்பத்திரில வெச்சிருக்குது. உனக்கு என்னப்பா வேணும்?"

உனக்கு. என்னப்பா. என்னைவிட ஒன்பது வயது சின்னவன். போன புதன்கூட அண்ணா, ங்க. ரிசார்ட்டுக்குக் காய்கறி போடுவது இவன்தான். படம் முதலில் இவன் போனுக்குத்தான் வந்திருக்கும். அவன் வேண்டுமென்று சொன்னதாகவும் தெரியவில்லை. அதுவாகக் கழன்று விழுந்துவிட்டது.

நின்றுகொண்டே கால் கிலோ சர்க்கரை வாங்கி வந்தேன். வீட்டில் சர்க்கரை இருக்கிறது. பெரியவர் அந்தப் படத்தைப் பார்த்தாரா, தெரியவில்லை. பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார், அதுவும் தெரியவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

பனி. விடியுமுன் செல்வத்திடமிருந்து போன். பெரியவர் போய்விட்டார். உடலை நேற்று சாயங்காலமே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்களாம்.

செல்வத்தின் குரல் உடைந்திருந்தது. "சாமானையெல்லாம் எடுத்துக்கிட்டுச் சீக்கிரம் ஊட்டுக்கு வந்துரு" என்றான். சரி என்றேன். எனக்கு மனசு கொஞ்சம் லேசானது, உள்ளதை எழுதுகிறேன். ஐஸ் பெட்டிக்கு ஒயர் இழுக்க வேண்டும், பந்தலுக்கு லைட் போட வேண்டும், என்னைக் கூப்பிடுகிறான். துக்கத்தில் பிட்டர் ஞாபகம் வந்துவிட்டது, மற்றதெல்லாம் மறந்துவிட்டது என்று நினைத்தேன்.

ச. வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். பஸ் ஸ்டாண்டில் ரோஜா மாலை. ஒரு கையில் மாலை, ஒரு கையில் டூல்ஸ் பை.

வாசலில் சொந்தக்காரர்கள், சேலத்திலிருந்து இரண்டு வண்டி. ஐஸ் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. லைட் எரிந்துகொண்டிருந்தது. நடுவில் பெரியவர், தாடி நாலு நாள் வளர்ந்து வேறு யாரோ மாதிரி. நான் பெட்டிப் பக்கம் போவதற்குள் செல்வம் வந்து தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தினான். மாலையை வாங்கி மூலையில் வைத்தான். பையைத் திறந்து பார்த்தான். ஸ்பானர், டெஸ்டர், டேப்.

"இதையெல்லாம் எதுக்குக் கொண்டாந்த? கீழிருந்து வர்ற ஆளு இன்னைக்கு வரலைங்கறான். அப்பாவுக்கு மொகம் மழிக்கோணும், எங்களுக்கு முடி எறக்கோணும். கத்தி எங்க?"

"நான் பிட்டருங்க" என்றேன். அவனிடம் ங்க போட்டேன். வாயில் தானாக வந்துவிட்டது.

"தெரியும். பின்வாசல்ல தண்ணி வெச்சிருக்குது, போ."

எல்லாரும் பார்த்தார்கள். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். மாலை மூலையிலேயே இருக்கிறது. பெரியவருக்குப் போடவில்லை.