கடுகோடு கலந்த ரங்கூன் கீரை

என் பிரியமுள்ள அண்ணனுக்கு,

நீ ரங்கூனிலிருந்து கொண்டுவந்த கீரை முளைத்துவிட்டது அண்ணே. தூத்துக்குடி உப்புக்காற்றில், நம் கிணற்றடி மணலில். இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

குண்டு விழுந்த ஊரைவிட்டு, காடும் மலையும் நடந்து, காய்ச்சலோடு வந்து படுத்தாய். சட்டைப் பைக்குள் ஒரு துணி முடிச்சு. "ஏளா, சீனாக்காரங்க போடுத கீரை. பாக்சோய்னு பேரு. மழை விழவும் வெதச்சிரு" என்று என்னிடம் மட்டும்தான் சொன்னாய். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவருகிறவன் கீரை விதையை எடுத்துவருவானா? நீ எடுத்துவந்தாய்.

உன் காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் முடிச்சைத் தேடினேன். அம்மா அதை அவிழ்த்து அஞ்சறைப் பெட்டியில் கடுகோடு கொட்டியிருந்தாள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதானே, அவள் என்ன கண்டாள்? விஷயம் தெரிந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "எம்பிள்ள சொமந்துட்டு வந்தத தாளிச்சுட்டனே" என்றவள், அதன்பின் ஒருவேளைகூட வயிறாரச் சாப்பிடவில்லை. நாளுக்கு நாள் உருகினாள். உன்னைப் பறிகொடுத்த வீட்டில் அவளையும் பறிகொடுப்பதா?

ஐப்பசி மழை விழுந்ததும், பெட்டியில் மிச்சமிருந்த கடுகை அப்படியே அள்ளி விதைத்தேன். முளைத்ததெல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது. பிறகு ஒருநாள் காலையில் பார்த்தால், சொரசொரப்பான கடுகுச் செடிகளுக்கு நடுவே நாலே நாலு செடி, வழவழவென்று அகப்பை மாதிரி இலை விரித்து நிற்கிறது. அடித்தண்டு சங்கு வெள்ளை. என்னை அறியாமல் கைகூப்பிவிட்டேன் அண்ணே. எந்த ஊர் விதை, எத்தனை மலை தாண்டியது, கடைசியில் எண்ணெய்ச் சட்டிக்கும் தப்பியிருக்கிறதே!

மூன்றைப் பறித்து, பூண்டு தட்டிப்போட்டு வதக்கினேன். கீரை என்றதும் அம்மா மத்தைத் தேடினாள். இதைக் கடையக் கூடாது என்று வாங்கி வைத்தேன். உனக்குப் படைத்துவிட்டு அவளுக்கு வைத்தேன். தண்டைக் கடித்தாள். அவள் மெல்லும் சத்தம் எனக்குக் கேட்டது. கண்ணீர் அது பாட்டுக்கு வழிய, தட்டை நீட்டினாள்.

"இன்னுங் கொஞ்சம் வையி."

நாலாவது செடி மஞ்சளாகப் பூத்திருக்கிறது. அதன் விதை என் பொறுப்பு; அடுப்படிப் பக்கமே அண்டவிடமாட்டேன். வருகிற மழைக்கும், அதற்கடுத்த மழைக்கும் அம்மா உன் கையால்தான் சாப்பிடுவாள். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்