வேப்பிலை இல்லாத வாசல்

பொம்மைக்குக் கண் வரைந்த கையோடு எனக்கும் மை இட்டுவிட்ட அம்மாவுக்கு,

நீ போனபின் உனக்கு ஒரு பேத்தி பிறந்திருக்கிறாள். யாழினி, அண்ணன் மகள், பத்து மாதம். அவளுக்காகப் பயந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சுகாதார நிலையத்தில் வேலை. தட்டம்மை கண்ட குழந்தைகளை வீடு வீடாகப் போய்க் குறித்துவர வேண்டும். நாலு பேர் முன்னால் பேச வராத நான், கதவைத் தட்டுமுன் நிலைப்படியைப் பார்ப்பேன். வேப்பிலை செருகியிருந்தால் உள்ளே அம்மை. கேட்காமலே தெரிந்துவிடும்.

போன மாதம், நீ பொம்மை வரைந்த செராமிக் ஷெட்டுகளுக்குப் பக்கத்தில் தட்டம்மை பற்றிக் கூட்டம். என் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். தலை நிமிராமல் தாளில் இருந்ததைப் படித்தேன்: "வேப்பிலை கட்டிய வீடுகளின் பெயர் குறித்துக்கொள்ளப்படும்." எதற்கென்று சொல்லவில்லை. அடுத்த வாரம் ஒரு வாசலிலும் வேப்பிலை இல்லை. அம்மை குறைந்துவிட்டது என்று சந்தோஷமாக எழுதிக்கொடுத்தேன், அம்மா.

அப்போதுதான் அண்ணியின் போனுக்கு ஓர் ஆடியோ வந்தது. தடுப்பூசி போட்டால் குழந்தை நடக்காதாம். யாழினிக்கு ஒன்பது மாதத்தில் போடவேண்டிய தட்டம்மை ஊசியை அண்ணி தள்ளிப்போட்டார்.

"டாக்டரே பேசுறாரு, கண்மணி."

"டாக்டருன்னு அவரே சொல்லிக்கிறாரு அண்ணி. பேரு சொன்னாரா, ஊரு சொன்னாரா? எனக்கும்தான் போட்டாங்க. நான் தெனம் தெருத்தெருவா நடக்கல?"

"மைக்கப் புடிச்சதுலேர்ந்து நீ பெரிய டாக்டரம்மா ஆயிட்ட. அப்பறம் பாத்துக்கலாம், போ."

நான் பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க யாழினி பக்கத்து வீட்டில், கோகிலா அக்காவின் மடியில் இருந்தாள். மறுநாள் அங்கே எட்டிப் பார்த்தேன். அக்காவின் பையன் பாயில் கிடந்தான். சிவந்த கண், விடாத இருமல், முகமெல்லாம் தடிப்பு.

"ஏன்க்கா வேப்பில கட்டல?"

"நீதான பேரு எழுதிக்குவேன்னு சொன்ன? வூடு தேடி வந்து புள்ளயப் புடிச்சிட்டுப் போயிடுவாங்கன்னு பயம்."

எனக்குச் சின்னம்மை கண்டபோது, மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை நீ ஷெட்டுக்கே போகவில்லை. வந்தவர்கள் வேப்பிலையைப் பார்த்து வாசலோடு திரும்பினார்கள். அது அவர்கள் பிள்ளைகளைக் காத்தது என்று எனக்கு ஏன் முன்பே உறைக்கவில்லை?

அந்தப் பையனை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தேறி வருகிறான். அவனைப் பார்த்த அண்ணி அன்றைக்கே யாழினியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார். தொற்றுப் பட்டு மூன்று நாளுக்குள் ஊசி போட்டால் தடுக்க வாய்ப்பு உண்டு என்றார் டாக்டர். வாய்ப்புதான். போட்டுவிட்டோம்.

ஊசி போட்டு இன்று ஒன்பதாம் நாள். காலையிலிருந்து அவள் நெற்றி சுடுகிறது. ஊசியாலும் காய்ச்சல் வரலாமாம். தடிப்பைப் பார்த்தால் உடனே போன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். தடிப்பு காதுக்குப் பின்னால்தான் முதலில் தெரியும். விலக்கி விலக்கிப் பார்க்கிறேன். அது சிவப்பா, என் பயமா?

அண்ணி எழுந்துபோய் நம் வாசலில் வேப்பிலையைச் செருகினார்.

"யாரும் புள்ளயத் தூக்கிக் கொஞ்ச வந்து ஒட்டிக்காம இருக்கட்டும். இத நீ மைக்குல சொல்லு."

சொல்கிறேன், அம்மா. இந்த முறை தாள் இல்லாமல், முகங்களைப் பார்த்து. வேப்பிலையைக் கட்டுங்கள், எங்களையும் கூப்பிடுங்கள் என்பேன். எந்த வாசலிலும் பெயரைக் கேட்குமுன் குழந்தை எப்படியிருக்கிறது என்று கேட்பேன்.

யாழினியின் காதோரத்தைப் பார்த்தபடி,
அவளுடைய அத்தை, உன் மகள்
கண்மணி