வாய்க்குள் ஓடிய பாட்டு

எந்த வருஷம் என்று முதலில் கேட்பாய். புயல் மழையில் ஏரி நிரம்பி, ரோட்டின் மேலேயே தண்ணீர் போய், திண்டிவனத்துக்குப் பஸ் நின்றுபோனதே, அதற்கு அடுத்த கோடை. ஆனால் நீ அதற்கு முன்பே போய்விட்டாய், உனக்கு எங்கே தெரியும்? சரி, இப்படி வைத்துக்கொள். பள்ளிக்கூடத்துப் பின்னால் நின்ற புளியமரம் அந்தப் புயலில் சாய்ந்தது. மரம் இருந்த இடத்தைச் சமன் பண்ணி நம் பிள்ளைகள் கபடிக்கு விரிப்பு போட்டார்கள், மேட்டு என்கிறார்கள் அதை. அந்த வருஷம். இந்தக் கோடைதான்.

இப்போது மண் கிடையாது. ரப்பர் மேட்டு. நீல நிறம், மஞ்சள் கோடு. பகலெல்லாம் வெயிலில் காய்ந்துவிட்டுச் சாயங்காலம் டயர் கடைக்குள் நுழைந்த மாதிரி வாடை வீசும். இன்றைக்கும் அந்த வாடை காற்றில் வந்தது. வந்ததும் எனக்குத் தலை தானாகக் குனிந்துகொண்டது. பக்கத்தில் ஒருவரும் இல்லை, இருந்தாலும் குனிந்தது. அதனால்தான் மருமகளை உட்கார வைத்து நான் சொல்லச் சொல்ல எழுத வைக்கிறேன். எனக்கு எழுதத் தெரியாது. உனக்குப் படிக்கத் தெரியாது. அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் சேர்ந்து இப்போது கோடையில் போட்டி நடத்துகின்றன. ஒவ்வொரு ஊரும் வெளியிலிருந்து ஒரு ஆளை எடுத்துக்கொள்ளலாம். போன வருஷம் கடைசியில் நின்ற ஊர் எதுவோ, அதற்குத்தான் ஆளைப் பொறுக்குவதில் முதல் உரிமை. நம் ஊர் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காமல் கடைசியில் நின்றது. அந்தக் கேவலத்துக்குக் கிடைத்த சலுகை அது.

வானூரில் ஒரு பையன் இருந்தான், ஆளும் மார்பும் பார்க்கப் பெரிதாக இருப்பான். அவனைத்தான் எடுப்பார்கள் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. செல்போன் கடை வைத்திருக்கும் தனபால்தான் நம் டீமுக்கு மேனேஜர். அவன் போய் மரக்காணத்துப் பக்கம் ஒரு மீன்பிடிக் குப்பத்துப் பையனை எடுத்துவிட்டு வந்தான். கதிர் என்று பேர். ஒல்லி. நம் ஊர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அது பொறுக்குமா? மறுநாள் காலையில் அஞ்சலை டீக்கடையில் சண்டை மாதிரி பேச்சு. ஆட்டோ ஓட்டுகிற ஏழுமலைதான் ஆரம்பித்தான்.

"முதல் ஆளு பொறுக்கற சான்ஸு நமக்கு. வானூர்க்காரன் பனமரம் கணக்கா நிக்கறான். அவன வுட்டுட்டு நெத்திலிக் கருவாட்ட எடுத்துகினு வந்துகிறாரு நம்ம மேனேஜரு!"

"பனமரம் திரும்புமாண்ணா?" என்றான் தனபால். "வானூரான் ஒரு வாட்டி திரும்பறதுக்குள்ள டவுன் பஸ்ஸு திண்டிவனம் போயி சேந்துடும். இவன் படகுல நின்னு பழகன காலு. தள்ளினாலும் வுழமாட்டான்."

"ஏன், நம்ம மேட்டுல அலை அடிக்குதா?"

"ஒன்கூட பேசறது பேஜாருண்ணா."

"ஒரு டீய வாங்கி வெச்சிகினு ஊரையே வித்துடுவீங்க போலகீது" என்றாள் அஞ்சலை. "கிளாஸக் கொடுங்க, கழுவணும்."

அப்போதுதான் ஏழுமலை என் பக்கம் திரும்பினான். "கம்ப்யூட்டரு உக்காந்துகினுகீது, நாம ஏன் அடிச்சிக்கணும்? பெரிப்பா, நீ சொல்லு."

என்னைக் கம்ப்யூட்டர் என்றுதான் இப்போது கூப்பிடுகிறார்கள். யார் எந்த ஊரில் எந்தக் காலை வைத்துக் கோட்டைத் தொட்டான் என்று நான் சொன்னால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. அந்தப் பெருமையில்தான் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். தனபால் செல்போனில் பையன் ஆடின ஆட்டத்தைக் காட்டினான். கால் நன்றாகத்தான் இருந்தது. கோட்டைத் தாண்டும்போது உதடு அசைந்தது, கபடிப் பாட்டுக் கேட்கவில்லை. போனைக் காதில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் விழவில்லை. எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மாதிரி நேரத்தில் மனுஷனுக்குத் தமாஷாக ஒன்று சொல்லத் தோன்றும் பார், அது தோன்றியது.

"காலு கீது, வாயி இல்ல. ஊமையன எடுத்துகினு வந்துகிறான்டா ஒங்க மேனேஜரு."

கடையே சிரித்தது. அஞ்சலைகூடச் சிரித்தாள்.

"இதையும் எழுதணுமா மாமா?" என்கிறாள் மருமகள். எழுதும்மா. எழுதாவிட்டால் மற்றதெல்லாம் எதற்கு?

நான் சொல்ல வந்தது இதுதான். அந்த வார்த்தையை உன்னைப் பற்றிச் சொன்னவனை நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். விழுப்புரத்தில் நாம் ஆடின ஆட்டம். நீ பாடிப் போகிறாய். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற மீசைக்காரன் ஒருவன், "டேய், ஊமையன் பாட்றான்டா" என்று கத்தினான். நான் ஆட்டத்தை விட்டுவிட்டுக் கயிற்றைத் தாண்டி அவன் வாயிலேயே அடித்தேன். என்னை வெளியே அனுப்பினார்கள், ஆட்டமும் தோற்றது. திரும்பும்போது பாசஞ்சர் வண்டியில் உட்கார்ந்து, எதற்கு அடித்தாய் என்று நீ என்னைக் கேட்கவில்லை. வேறு ஒன்று சொன்னாய். விக்கிரவாண்டி ஸ்டேஷனில் ஆரம்பித்தாய். உனக்கு முதல் எழுத்திலேயே நாக்கு ஒட்டிக்கொள்ளும். நாங்கள் யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. எடுத்துக்கொடுத்தால் உனக்குப் பிடிக்காது. மயிலம் ஸ்டேஷன் வந்தபோதுதான் முடித்தாய்.

"பாடிகினு போவசொல்லோ மட்டுந்தான்டா யாரும் என் வாயப் பாக்கறதில்ல. காலப் பாக்கறானுங்க."

பேசும்போது அத்தனை திக்கல். சடுகுடு என்று ஆரம்பித்துவிட்டால் ஒரு திக்கல் இருக்காது. அது எப்படிடா என்று நான் ஒரு தடவை கேட்டதற்குத் தொண்டையைத் தொட்டுக் காட்டினாய். பாட்டை முதலில் உள்ளே ஓட விட்டுவிடுவேன், ஓடின பிறகு வெளியே விடுவேன் என்றாய். உண்மைதான். நம் கோட்டில் நிற்கும்போது உன் உதடு மட்டும் அசையும், பக்கத்தில் நிற்கிற அம்பயர் காதுக்கு மட்டும் விழும். எதிராளி களத்தில் பாதி போன பிறகுதான் சத்தம் வரும், வந்தால் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். பக்கத்து ஊர்ப் பெருமுக்கல்காரர்கள் உன்னிடம் ஏமாந்ததே அதில்தான். வாய் திறக்கவில்லையே, இன்னும் வரவில்லை என்று நின்றுகொண்டிருப்பார்கள். நீ தொட்டுவிட்டு வந்திருப்பாய்.

கம்ப்யூட்டருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. தனபால் போனில் அந்த உதட்டைக் காட்டியபோது இது மட்டும் வரவில்லை. உன்னோடு அத்தனை வருஷம் இடது மூலையில் நின்றவன் நான். இந்த ஊரில் அதைக் கண்டுபிடித்திருக்கக்கூடியவன் வேறு யார்?

என் பேச்சு கடையோடு நிற்கவில்லை. ஏழுமலை ஆட்டோவில் ஏறி ஊரெல்லாம் போனது. முதல் ஆட்டம் நம் மேட்டிலேயே, பெருமுக்கல் ஊரோடு. கதிர் பாடிப் போனான். நம் ஆட்கள்தான், எதிராளி ஊர் இல்லை, நம் ஆட்கள்தான் ஆரம்பித்தார்கள். "ஊமையா, வாயத் தொற!" "ரீசார்ஜ் பண்ணுங்கடா அவனுக்கு!" பையன் போய்ப் பாயிண்ட் எடுத்துக்கொண்டுதான் வந்தான். அதற்கும் கைதட்டி, "ஊமை! ஊமை!" என்றார்கள். அடுத்த தடவை பாதிக் களத்தில் நின்றுவிட்டான். வாய் திறந்திருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது, சத்தம் வரவில்லை. விசில் அடித்து வெளியே அனுப்பினார்கள். அதற்கப்புறம் அவனைத் தனபால் இறக்கவேயில்லை. தோற்றோம்.

எனக்கு அப்போதும் புத்தி வரவில்லை. பெரிய மனுஷனாகத் தடியை ஊன்றிக்கொண்டு போனேன், புத்தி சொல்ல. ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"தம்பி, கால் நல்ல கால்தான். பாட்ட மட்டும் ஒரக்க பாடணும். பயந்துகினு பாடக்கூடாது."

எழுந்து நின்றான். மரியாதைக்காரப் பிள்ளை. "த...த...தா..." என்று ஆரம்பித்தான். கண்ணை மூடிக்கொண்டான். வலது கை தொடையைத் தட்டியது. நீ தட்டுவாயே, அதே மாதிரி. தாத்தா என்கிற வார்த்தை அவன் வாயில் வந்து சேர்வதற்குள் போனில் அந்த உதடு ஏன் அசைந்தது என்று எனக்கு விளங்கிவிட்டது. அவன் என்ன சொல்ல வந்தான் என்று கேட்கக்கூட நிற்கவில்லை. திரும்பி நடந்துவிட்டேன். அதுதான் எல்லாவற்றையும்விடக் கேவலம். அவனை முடிக்க விடவில்லை.

மறுநாள் அஞ்சலை கடையில் தனபாலே தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தான். கதிர் இனிமேல் வரப்போவதில்லை என்று அவன் அண்ணனை விட்டுப் போன் பண்ணச் சொல்லியிருக்கிறான். ஏழுமலைக்கு ஒரே குஷி. "நல்லதாப் போச்சு. வானூரான் எந்த ஊருக்குப் போனான்னு பாரு, மாத்திக்கலாம்."

நான் சொன்னேன், நான் சொன்னது தப்பு என்று. உன் கதையைச் சொன்னேன். விழுப்புரத்தையும் பாசஞ்சர் வண்டியையும் சொன்னேன். எனக்கு நாக்கு சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அன்றைக்குச் சொல்லி முடிக்க நானும் மயிலம் வரைக்கும் எடுத்துக்கொண்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசியில் ஏழுமலை, "கெளம்பு பெரிப்பா, ஜல்தி. நானே கூட்டிகினு போறேன்" என்று ஆட்டோவை எடுத்தான். குப்பத்தில் கதிர் வலை பிரித்துக்கொண்டிருந்தான். நான் பேசுவதற்குள் அவனே, "வு...வுடுங்க தாத்தா" என்றான். வந்தான்.

அடுத்த ஆட்டத்தில் நம் ஆட்கள் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவு அமைதியில் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. உதடு மட்டும். பிறகு நடுக்களத்தில் கபடி கபடி என்று எழும்பியது பார், நான் கண்ணை மூடிக்கொண்டேன். அது உன் குரல் இல்லை. ஆனால் அது கிளம்பின இடம் உன்னுடையது. ஜெயித்தோம். அதற்கடுத்ததும் ஜெயித்தோம்.

இதோடு முடிந்திருந்தால் உனக்கு எழுதியிருக்க மாட்டேன். போன வாரம் திண்டிவனம் ரோட்டு முனையில் பெரிய பிளெக்ஸ் கட்டினார்கள். கதிர் தொடையைத் தட்டிக்கொண்டு நிற்கிற படம். ஓரத்தில் என் படமும் இருந்தது, அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது. மருமகளைப் படிக்கச் சொன்னேன். அவள் முந்தானையைச் சரிபண்ணிக்கொண்டு நின்றாள்.

"ஊமைப் புயல் கதிர்னு போட்டிருக்காங்க மாமா."

"என் படத்துக்குக் கீழ?"

"பட்டம் கொடுத்தவர்னு போட்டு உங்க பேரு."

தனபாலிடம் போய் அவிழ்க்கச் சொன்னேன். "பாசத்துல போட்டது பெரிப்பா. ஊரே அவனத் தூக்கி வெச்சிகினு கூத்தாடுது. அவனே ஒண்ணும் சொல்லலியே" என்றான்.

"எப்பிடிடா சொல்லுவான்? அவன் சொல்லி முடிக்கற வரைக்கும் நிக்கறதுக்கு இந்த ஊர்ல யாரு கீறாங்க?"

பிறகு கதிரையே அந்த முனைக்கு அழைத்துப்போனேன். பிளெக்ஸைப் பார்த்தான். நான் தடியை ஊன்றிக்கொண்டு நின்றேன். ஒரு பஸ் வந்து ஆளை இறக்கிவிட்டுப் போனது. லோடு வண்டி ஒன்று திரும்ப முடியாமல் பின்னால் வந்து முன்னால் போனது. நான் எடுத்துக்கொடுக்கவில்லை.

"க...கதிருன்னு மட்டும் போ...போட்டிருக்கலாம் தாத்தா."

ஏழுமலைதான் ஏறிக் கயிற்றை அறுத்தான். பிளெக்ஸை மடித்து அஞ்சலை கடைக் கூரை ஒழுகுகிற இடத்தில் போட்டிருக்கிறார்கள். ஆனால் பிள்ளைகள் வாயை எதைக் கொண்டு அறுப்பது? இன்றைக்கு அந்த ரப்பர் வாடை வந்தபோது மேட்டில் சின்னப் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். பாடிப் போகிறவனைப் பார்த்து ஒருவன், "டேய், நான்தான்டா ஊமை, நீ இல்ல" என்று சண்டை போட்டான். ஆசையாகத்தான் சொன்னான். இனி இந்த ஊரில் நன்றாக ஆடுகிறவனுக்கு அதுதான் பேர் போலிருக்கிறது.

உன்னை அப்படிக் கூப்பிட்ட மீசைக்காரன் செத்துப்போனான். கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டவர்களும் போய்விட்டார்கள். மயிலம் வரும் வரைக்கும் எடுத்துக்கொடுக்காமல் உட்கார்ந்திருந்த நம் டீமில் ஒவ்வொருவராக எல்லாரும் போனார்கள், நீயும் போனாய். நீ அந்த வண்டியில் சொன்னது இன்னும் என்னோடுதான் இருக்கிறது. அதைக் கேட்டவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது ஒரே ஒருத்தன். அவன் பேரை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் பிளெக்ஸில் போட்டிருந்த மாதிரியே மருமகளை எழுதச் சொல்கிறேன்: பட்டம் கொடுத்தவர், வரதராஜன்.