கழுத்தில் தொங்கிய அட்டை

வியாழன், இரவு

இல்லை, நான் எதையும் மாற்றிச் சொல்லவில்லை. தையல்காரச் செல்வி அக்கா சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன்.

நேற்று திண்டிவனத்தில் ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனியில் ஆய்வு. துணி வாங்கும் நிறுவனத்திலிருந்து தொழிலாளர் நிலையைப் பார்க்க வந்த வெளிநாட்டுப் பெண்ணுக்கு நான் மொழிபெயர்ப்பாளர். அங்கே ஒவ்வொரு தையல் வரிசைக்கும் ஒரே ஒரு அட்டை. அதைக் கழுத்தில் மாட்டினால்தான் கழிப்பறைக்குப் போகலாம். ஆய்வு என்றதும் சூப்பர்வைசர் அட்டைகளை வாங்கி மறைத்துவிட்டார். அப்போது அக்கா கழிப்பறையில் இருந்திருக்கிறார். அட்டையோடு எங்கள் முன்னால் வந்து நின்றார்.

அது என்னவென்று அந்தப் பெண் கேட்டார்.

"இது இல்லாம எழுந்தா திட்டுவாங்கம்மா. அதான் தண்ணியே குடிக்கறதில்ல."

சொல்லிவிட்டேன். அக்காவின் வேலை போய்விடுமோ என்று நேற்று தூக்கமே இல்லை.

கிளம்பும்போது என் எண்ணை வாங்கியிருந்த அக்கா, இன்று மாலை வேலை முடிந்து, தன் ஊரான கிளியனூரிலிருந்து போன் செய்தார்.

"இன்னாம்மா, பயந்துக்கினு இருந்தியா? என்னை ஒண்ணும் சொல்லல. அந்தம்மா சொல்லிட்டுப் போச்சாம், அட்டையெல்லாம் எடுத்துட்டாங்க. இன்னிக்கு அவசரமே இல்லாம ஒரு தபா போய்ட்டு வந்தேன்."

இருவரும் சிரித்தோம். எத்தனை நாளைக்கு இப்படி என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன்.