அழைப்பு வராத ஞாயிறு

6 பெப்ரவரி 2024, செவ்வாய்

சீக்கியக் கோயில் என்பதால் நான் போக மறுத்தேனாம். இங்கே இத்தாலியில் எங்கள் கத்தோலிக்கப் பங்குச் சனம் கதைக்கிறது. பிழை. நான் மறுக்கவில்லை. என்னை அழைக்கவில்லை.

ஜனவரியில் நெஞ்சுவலியில் போன என் மகன் ஸ்ரான்லிக்காக, மருமகள் மன்தீப் அங்கே அவர்களுடைய வேதத்தை முழுதாக வாசிப்பித்தாள். "மம்மா, ஞாயிறு வாசிப்பு முடியுது" என்று போனில் ஒரு வரி. அது அழைப்பா? வீட்டுக்கு வந்து முறையாகச் சொல்ல வேண்டாமா? அன்று வெள்ளைச் சேலை உடுத்து மதியம் வரை கதிரையில் இருந்தேன். கூட்டிப்போக ஒருவரும் வரவில்லை.

இன்று பூசை முடிந்ததும் எங்கள் பங்கின் புனிதமலர் கேட்டாள்: "அக்கா, அங்கை நிலத்தில இருக்கவேணுமாம். அதுதான் போகேல்லையோ?"

"முழங்காலில நிக்கிறவளுக்கு நிலத்தில இருக்கத் தெரியாதோ?"



8, வியாழன்

மன்தீப்புக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. நான் இரண்டாம் முறை போடப்போவதில்லை.

9, வெள்ளி

மூன்று முறை போட்டேன்.

11, ஞாயிறு

ஸ்தாசியோனே ரயில் நிலையத்தடியில் பஸ் ஏறி, சீக்கியக் கோயில் இருக்கும் பிரான்காச்சோ பகுதிக்குப் போனேன். பழைய பட்டறையைக் கோயிலாக்கியிருக்கிறார்கள். சப்பாத்தைக் கழற்றி, சேலைத் தலைப்பால் தலையை மூடினேன். வாசலில் அமிர்தசரஸ் பொற்கோயிலின் படம்.

சமையலில் நின்ற கிழவி குர்மீத் இத்தாலியனில் சொன்னாள்: "ஸ்ரான்லியின் தாயா? போன ஞாயிறு உங்களுக்கு இடம் விட்டிருந்தோம்."

"அழைக்கவில்லையே."

"இங்கே யாரும் யாரையும் அழைப்பதில்லை, சிஞ்ஞோரா." படத்தைக் காட்டினாள். நான்கு பக்கமும் வாசல். எந்தத் திசையிலிருந்தும் யாரும் வரட்டும் என்று ஐந்தாம் குரு அப்படிக் கட்டுவித்தாராம். படி ஏறி அல்ல, இறங்கித்தான் போக வேண்டும். ஆப்கானியர் இடிக்க இடிக்கத் திரும்பக் கட்டினார்களாம். எண்பத்து நான்கில் ராணுவம் உள்ளே புகுந்தது. அன்று கும்பிடப் போன அவளுடைய அண்ணன் திரும்பவில்லை.

சனம் தஞ்சம் புகுந்த கோயிலில் செல் குண்டு விழுந்ததை மன்னாரில் கண்டவள் நான்.

"மன்தீப் எங்கே?"

"வெள்ளிக்கிழமை போய்விட்டாளே, பிள்ளையோடு. அமிர்தசரஸில் தாய் வீட்டுக்கு. இனி வரமாட்டாள். உங்களிடம் சொல்லவில்லையா?"

ரொட்டியும் பருப்பும் தந்தாள். நிலத்தில் இருந்து சாப்பிட்டேன். எழும்ப இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

12, திங்கள்

என் கணவரின் ஆண்டுப் பூசைக்கு மன்தீப் ஒவ்வொரு வருடமும் வந்தாள். தலையை மூடிக்கொண்டு, கோயிலின் கடைசி வாங்கில் இருப்பாள். நான் ஒருநாளும் அவளை வா என்றதில்லை. பிறகு ஏன் வந்தவள்? கூப்பிடாத இடத்துக்கு ஆராவது வருவினமோ? — வந்தாளே.

14, விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பல். இத்தாலியனில் அனுப்ப முன், இங்கே தமிழில்:

மன்தீப், பொற்கோயிலுக்கு வர அழைப்பு வேண்டாம் என்று அறிந்தேன். உன் வீட்டுக்கு வேண்டும். அது என் முறை. இந்த வயதில் மாற்ற ஏலாது. உயிர்த்த ஞாயிற்றுக்குப் பிறகு நான் வரலாமா? பேத்தியைப் பார்க்க விடுவாயா? போனில் சொல்லாதே, பிள்ளையின் சத்தம் கேட்டால் எனக்குக் கதைக்க வராது. ஓமோ இல்லையோ, எழுத்தில் பதில் போடு.