மார்லா எந்தத் துறை?

அன்புள்ள ரெனாட்டாவுக்கு,

இங்கே ஓஹையோவில் நாங்கள் மூவரும் சௌக்கியம், அலாஸ்காக் குளிரில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு நடமாடுவாய் என்று நம்புகிறேன். நன்றித் திருநாளுக்கு நீ இல்லாதது பெரிய குறைதான். வான்கோழியில் பாதி மிச்சம், அதையே சூப்பாகவும் சாண்ட்விச்சாகவும் தின்று தீர்க்கிறோம். மேசையில் நடந்த கூத்தைக் கேள். வழக்கம்போல ஆளுக்கொரு நன்றி சொல்ல ஆரம்பித்தோம், உன் அப்பா எழுந்து நின்று, "என் சின்ன மக மெக்கானிக்கல் இன்ஜினியர் ஆகப்போறா, அதுக்கு நன்றி" என்று கண்கலங்கச் சொல்லிவிட்டார். அடுத்தது உன் தங்கை முறை. மார்லா தட்டையே பார்த்தபடி, "காலேஜ் விண்ணப்பத்துல இன்ஜினியரிங்னுதான் போட்டிருக்கேன்பா, துறை எதுவும் போடல. முதல் வருஷம் எல்லாத்தையும் பார்த்துட்டு எடுத்துக்கோன்னு விடுறாங்கல்ல, அதுக்கு என் நன்றி" என்றாள்.

அவ்வளவுதான், மனிதருக்கு முகம் தொங்கிவிட்டது. "இப்பவே போட்டா இடம் கையில. அப்புறம் மார்க்கு குறைஞ்சா கேட்ட துறை குடுப்பானா? அனுப்புறதுக்குள்ள மாத்து" என்று ஒரே பிடி. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, மார்க்கை நினைத்தால் எனக்கும் கவலைதான். பாத்திரம் துடைக்கும்போது மார்லா, "அப்பாவுக்காக எழுதிட்டா நாலு வருஷமும் அப்பாவுக்காகவே படிக்கணும்மா" என்று அழுதுவிட்டாள். அதை அப்படியே அவரிடம் போய்ச் சொன்னேன். ஞாயிறு காலை அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இன்ஜினியரிங்கில் என்னென்னதான் இருக்கிறது என்று கேட்டார். பாலம், மின்சாரம், விமானம், செயற்கை மூட்டு என்று அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தார். "பதினெட்டு வயசுல எனக்கு கார் ஃபேக்டரி கேட் ஒண்ணுதான் தெரிஞ்சுது. நீ நல்லா சுத்திப் பாரு" என்றார்.

விண்ணப்பம் துறை இல்லாமலேயே போய்விட்டது. மார்க்குக் கவலை எனக்கு இன்னும் இருக்கிறது, ஆனால் பெண் சிரிக்கிறாள், அது போதும். அவளுக்கு ஃபோன் செய், நீ படித்த கெமிக்கல் இன்ஜினியரிங்தான் உசத்தி என்று மட்டும் ஆரம்பிக்காதே. கடவுள் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும், கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் போட மறக்காதே.

ஒன்று விட்டுவிட்டேன். தேவாலயத்தில் பக்கத்து வீட்டு டெல்பர்ட், மார்லா என்ன இன்ஜினியர் ஆகப்போகிறாள் என்று கேட்டார். உன் அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "அவளுக்கே இன்னும் தெரியாதுய்யா!" என்றார், அவ்வளவு பெருமையாக.

முத்தங்களுடன்,
உன் அம்மா
டோரத்தி